எந்தப் பிள்ளைக்கு எந்தப் பருவம்?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பி.எட். படிக்கும் தோழர்கள் எரிக் எரிக்சனைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். பிறப்பு முதல் முதுமை வரை எட்டுப் பருவங்கள். வளரிளம் பருவம் ஐந்தாவது. 1950-இல் அவர் புத்தகமாக வெளியிட்ட அந்தப் பட்டியலை நம் பகுதி இருளர் குடியிருப்பில் வைத்துப் படித்துப் பார்ப்போம்.

முதல் பருவம்: நம்பிக்கையா, அவநம்பிக்கையா? பசித்தால் பாலும் அழுதால் ஒரு கையும் கிடைத்த குழந்தை உலகை நம்பும் என்கிறார். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. செங்கல் சூளையில் தாய் கல் அறுக்கும்போது பக்கத்தில் புடவைத் தூளியில் கிடக்கும் குழந்தைக்கு எந்த அங்கன்வாடியில் பெயர் இருக்கிறது? ஊரில் இருக்கிறது என்பார்கள். சத்துமாவு ஊரில், பிள்ளை சூளையில்!

பள்ளிப் பருவம்: உழைப்பூக்கமா, தாழ்வு மனப்பான்மையா? ‘நானே செய்து முடித்தேன்’ என்ற பெருமிதம் வகுப்பறையில் வர வேண்டும். மழை ஓய்ந்து தை பிறந்தால், முன்பணம் வாங்கிய குடும்பம் சூளைக்குக் கிளம்பியாக வேண்டும். மற்ற பிள்ளைகள் ஆண்டுத் தேர்வு எழுதும்போது இந்தப் பிள்ளை பச்சைக்கல்லைப் புரட்டிப் போடுகிறது. கூலி ஆளுக்கு அல்ல, ஆயிரம் கல்லுக்கு. அதனால் சின்னக் கையும் கணக்கில் சேர்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது, கல்வி உரிமைச் சட்டம் 2009-இல். இவ்வளவுக்கும் பிறகு 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்றார்கள். சூளை இருளரின் குடும்பத் தொழிலா? இல்லை. ஆனால் ‘அப்பா அம்மாவுக்கு ஒத்தாசை’ என்று சொல்லித் தப்பிக்க முதலாளிக்கு ஒரு வாசல் திறந்தாகிவிட்டது. பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்குப் பெயர் ‘இடைநிற்றல்’. நின்றது பிள்ளையா, நிறுத்தப்பட்டதா?

வளரிளம் பருவம்: அடையாளமா, குழப்பமா? ‘நான் யார்’ என்று பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ளும் வயதாம். இருளர் பிள்ளையிடம் அதைக் கேட்பது வருவாய்த் துறை. பட்டியல் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருகிறார். பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர்வரை போக வேண்டும். பெற்றோரின் சான்று எங்கே என்பார்கள். அவர்களுக்கே கிடைக்காத சான்றைப் பிள்ளை எங்கிருந்து கொண்டுவரும்? சான்று இல்லையென்றால் பழங்குடியினருக்கான உதவித்தொகை இல்லை. இருக்கிற ஒரு சதவீத இடஒதுக்கீடும் இல்லை. அந்தப் பிள்ளை யார் என்பதில் காவல்துறைக்கு மட்டும் குழப்பமே வருவதில்லை. எங்கோ திருட்டு என்றால் ஜீப் நேராக இருளர் குடியிருப்புக்குத்தான் வருகிறது.

நமக்கு எரிக்சனோடு சண்டை இல்லை. பிள்ளை தனியாக வளர்வதில்லை, சமூகம் சேர்ந்துதான் வளர்க்கிறது என்பதுதான் அவர் வாதமும். வளர்ச்சிக் குறைபாடு பிள்ளையிடம் இல்லை. பருவத்தைப் பறித்துக்கொண்டு ‘மந்தம்’ என்று பட்டம் கட்டும் சாதிச் சமூகத்திடம்தான் இருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் தொண்ணூறுகளிலிருந்து இதற்காகப் போராடி வருகிறார்கள். நாம் என்ன செய்யப் போகிறோம்? கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும் தோழர்களே, வருகைப் பதிவேட்டில் தை மாதத்துக்குப் பிறகு காணாமல் போகும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சூளை என்று விசாரியுங்கள். சான்றிதழ் மனு நிலுவையில் கிடக்கிறதா என்று கேளுங்கள். குடியிருப்புக்கே வந்து விசாரித்துச் சான்றிதழ் கொடு, சூளைக்கே அங்கன்வாடியையும் பள்ளியையும் கொண்டு வா என்று சேர்ந்து கேட்போம். தேர்வில் ஐந்து மதிப்பெண் வாங்கித் தரும் பாடம் அல்ல இது.