பழக்கம் அல்ல, பாதுகாப்பு வேண்டும்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் பேருந்தில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் இந்தக் காட்சி கண்ணில் படும். இருபது, முப்பது மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் இரும்பு வடங்களில் ஒரு மேடை தொங்கும். அதில் நிற்கும் இருவர் அலுமினியத் தகடுகளைச் சுவரில் பொருத்தித் திருகிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் நம் மாவட்டத்துக் காலனியிலிருந்து போன பிள்ளையாக இருக்கக்கூடும்.

இவர்களைப் பற்றி மேஸ்திரிகள் பெருமையாகச் சொல்வதுண்டு: "நம்ம பசங்களுக்குப் பயமே கிடையாது, பழகிடுச்சு." இதே சொல்லை நாம் வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறோம். சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்கியவர்களும் "அவங்களுக்குப் பழக்கம்" என்றுதான் சொன்னார்கள். பாதுகாப்புக்குச் செலவழிக்காமல் இருப்பதற்கான சாக்கு அது.

உயரம் கூடக்கூடக் காற்று பலக்கும். எட்டடித் தகடு பாய்மரம்போல் விரிந்து, பிடித்திருப்பவரை இழுக்கும். இதற்கு வழி தெரியாமல் இல்லை. இடுப்பு பெல்ட் போதாது. உடல் முழுவதையும் பிணைக்கும் பெல்ட் வேண்டும். அதை மேடையில் அல்ல, மொட்டைமாடியில் தனியே உறுதியாகக் கட்டிய கயிற்றில் மாட்ட வேண்டும். மேடை அறுந்து விழுந்தாலும் ஆள் கயிற்றில் நிற்பார். காற்று மிகுந்தால் வேலையை நிறுத்த வேண்டும்.

தமிழகத்தில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-இல் அமைந்தது. மத்திய அரசின் தனிச் சட்டம் 1996-இல் வந்தது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலநிதியாக வசூலாகிறது. ஆனால் கட்டட நிறுவனம், காண்டிராக்டர், துணைக் காண்டிராக்டர், மேஸ்திரி என்று வேலை கைமாறும்போது, மேடையில் நிற்பவரின் பெயர் பல நேரம் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. விழுந்தபின் "எங்க ஆள் இல்லை" என்று கைவிரிக்க அதுவே வசதி.

சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் உத்தரவிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. இறந்தவர்களின் பெயர்களைத் திரட்டி, வழக்காடிப் பெற்ற உரிமை அது. உயரத்திலிருந்து விழுகிறவர்களின் பெயர்களையும் நாம் திரட்டத் தொடங்க வேண்டும்.

வேலைக்குக் கிளம்பும் இளைஞர்களை நலவாரியத்தில் பதிவுசெய்ய, தொழிலாளர் துறை நம் காலனிகளிலேயே முகாம் நடத்தட்டும். மேடை ஏறும் ஒவ்வொருவர் கையிலும் முதன்மை நிறுவனத்தின் பெயர் எழுதிய பணி அட்டை இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தனிக் கயிறு இல்லாத மேடையில் ஏறாதீர்கள். அங்கே பயப்படுவதில் வெட்கம் ஏதுமில்லை.