மீன் தொட்டியும் மிதக்கும் செடியும்

கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீன்களைக் கண்டு மகிழாத பிள்ளைகள் இல்லை. ஓர்ஸ் ஹில்லில் நம் அயலிலும் இப்பொழுதுபோக்குப் பல இல்லங்களில் இடம்பெற்றுள்ளது. மீன் வாங்கும்போது அழகுக்காகவும் நிழலுக்காகவும் மிதக்கும் செடி ஒரு பிடியும் உடன் வந்துவிடுகிறது. அது சல்வீனியாவாகவோ, ஆகாயத் தாமரையாகவோ, சின்னஞ்சிறு இலைகளையுடைய டக்வீடாகவோ இருக்கலாம். சில வாரங்களில் அது நீர்ப்பரப்பை மூடிவிட, மீன் எங்கே என்று தேடவேண்டியதாகிறது. இதனை அடக்கும் வழி யாது?

முதலில் காரணத்தை அறிதல் வேண்டும். மிதக்கும் செடிக்கு வெளிச்சமும் கரியமிலவாயுவும் மேலிருந்தே தடையின்றிக் கிடைக்கின்றன. மீனின் கழிவும் எஞ்சிய இரையும் அதற்குப் பசளையாகின்றன. ஆகவே அது பெருகுவதில் வியப்பில்லை. நல்ல சூழலில் சல்வீனியா மூன்று நாளுக்குள் இருமடங்காகவும் கூடும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு செடி, முப்பதாம் நாளில் 1,024 செடிகளாகும். பாதித் தொட்டி மூடப்பட்டிருக்கையில், "இன்னும் பாதி இருக்கிறதே" என்று வாளாவிருப்போர்க்கு மூன்று நாளே தவணை!

இச்செடிகள் விடும் பிராணவாயுவிற் பெரும்பகுதி மேலேயுள்ள காற்றோடு கலந்துவிடுகிறது. மூடப்பட்ட நீரிலோ காற்றுக் கலப்பது குறைகிறது. அடியிலுள்ள செடிகளும் ஒளியின்றி வாடுகின்றன. இதனால் துன்புறுவன மீன்களே.

ஆகவே வாரந்தோறும் செடியிற் பாதியை வலையால் அள்ளி அகற்றுக. மீன் சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவுக்கே இரை இடுக. நீரில் ஒரு பகுதியை ஒழுங்காக மாற்றுக. விளக்கெரியும் நேரத்தைக் குறைக்க. காற்றுக்குழாயை வளையமாக்கி மிதக்கவிட்டால், செடி அதற்குள் அடங்கி நிற்கும். நீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டிருப்பதும் செடியின் வேகத்தைத் தணிக்கும். பொன்மீன் டக்வீடை விரும்பி உண்ணும். களைகொல்லி மருந்தைத் தொட்டியில் இடுதல் மட்டும் கூடவே கூடாது.

அள்ளிய செடியை எங்கே போடுவது? இதுவே தலையாய வினா. நம் நாட்டு வரலாறு இதற்கு விடை கூறும். ஆற்றுவாழை இலங்கைக்கு வந்தது 1905ஆம் ஆண்டில். அதனை ஒழிக்க 1909இலேயே தனிச் சட்டம் வேண்டியதாயிற்று. சல்வீனியாவோ 1939இல், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்கு ஆராய்ச்சியின் பொருட்டுக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து பரவிய செடி, 1954 அளவில் ஏறக்குறைய 22,000 ஏக்கர் நெல்வயலையும் 2,000 ஏக்கர் நீர்நிலையையும் பற்றிக்கொண்டது. அதற்கு விதை வேண்டியதில்லை. முறிந்த துண்டொன்றே போதும். கற்றோர் கைப்பொருள் உழவன் வயலுக்குப் பகையான கதை இது.

பிறேசில் நாட்டுக் கூன்வண்டு ஒன்றே இறுதியில் துணைசெய்தது. 1980இல் அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விடப்பட்ட அவ்வண்டு, அடுத்த ஆண்டிலேயே அங்குள்ள சல்வீனியாவை அழித்தது. 1986இல் இலங்கையிலும் அது விடப்பட்டது. இம்முயற்சிக்குச் செலவான ஒவ்வொரு ரூபாவுக்கும் 53 ரூபா நன்மை விளைந்ததென 1989இல் வெளியான ஆய்வொன்று கணித்தது.

நம் குன்றின் அடியில் இருப்பது கடல்தானே, உவர்நீரில் இச்செடி பிழைக்காதே என்று சிலர் கருதலாம். கடலுக்கு அஞ்சவேண்டியதில்லை என்பது மெய்யே. ஆனால் நண்பனுக்கென்று மாணவன் போத்தலில் எடுத்துச் செல்லும் ஒரு பிடி செடி, கிராமத்துக் குளத்தையோ வாய்க்காலையோ சென்றடைய எத்தனை நேரம் செல்லும்?

ஆதலால் அள்ளிய செடியை வெயிலில் நன்கு உலர்த்தி, பூச்செடியின் அடியிற் புதைத்துவிடுக, நல்ல உரமாகும். தொட்டியைக் கழுவிய நீரையும் துணியால் வடித்தபின், வடிகாலில் விடாது மரங்களுக்கு ஊற்றுக. நம் வீட்டு அழகு, பிறர் வயலுக்கு அழிவாகாதிருத்தல் வேண்டுமன்றோ!