தடிக் கம்பி தாங்குமா?

நம்மூரில் ‘கம்பி எண்ணுகிறான்’ என்றால் ஆள் ஜெயிலில் இருக்கிறான் என்று அர்த்தம். ‘கம்பி நீட்டிவிட்டான்’ என்றால் சீட்டுப் பணத்தோடு காணாமல் போய்விட்டான் என்று அர்த்தம். இந்த இரண்டு காரியத்தையும் பகிரங்கமாகச் செய்து, கைதட்டலும் காசும் வாங்குகிற ஒரு கோஷ்டி அமெரிக்காவில் இருக்கிறது. நாஷ்வில் நகரத்து பெடல் ஸ்டீல் கிடார்காரர்கள். பத்துக் கம்பியை எண்ணி மாட்டுவார்கள். அப்புறம் பெடலை மிதித்து அதே கம்பியை நீட்டுவார்கள். அதுதான் தொழில்.

கிடார் என்று பெயரே தவிர, மார்போடு அணைத்துக்கொண்டு கல்லூரி விழாவில் போஸ் கொடுக்க முடியாது. நாலு காலில் நிற்கிற குட்டி மேஜை அது. மேலே கம்பிகள், கீழே பெடல்கள். தூரத்திலிருந்து பார்த்தால் டெய்லர் கடை ஞாபகம் வரும். இடது கையில் ஒரு ஸ்டீல் உருளை. அதைக் கம்பிமேல் வைத்து நகர்த்தினால் சுரம் வழுக்கிக்கொண்டே போகும். (நம்ம சித்ரவீணையில், அதாவது கோட்டு வாத்தியத்தில், கேட்கிறோமே, அதே மாதிரி வழுக்கல்.) வலது கை மீட்டும். இடது பாதம் பெடல் மிதிக்கும். வலது பாதம் வால்யூம் பார்த்துக்கொள்ளும். இரண்டு முழங்காலும் லீவர்களை இடிக்கும். மார்ச் 31 ராத்திரி அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட்டில்கூட இத்தனை உறுப்புகள் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை.

ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு என்கிற இளைஞர் 1880-களில் ஆரம்பித்துவைத்த வழுக்கல் இது. 1954-ல் வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்ற பாட்டு ஹிட்டானது. அதில் பட் ஐசக்ஸ் ஒரு குறும்பு பண்ணினார். கம்பியை மீட்டிவிட்டு, அது ஒலித்துக்கொண்டு இருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு கம்பியின் சுரம் நழுவி மேலே ஏற, பக்கத்துக் கம்பி அசையாமல் நின்றது. கேட்ட ஸ்டீல் கிடார்காரர்கள் எல்லாம் தங்கள் வாத்தியத்துக்கும் பெடல் மாட்ட ஓடினார்கள். 1970-ல் வந்த ‘டீச் யுவர் சில்ட்ரன்’ பாட்டில், சிரித்துக்கொண்டே அழுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அதுவும் இந்த வாத்தியம்தான். வாசித்தவர் ஜெர்ரி கார்சியா.

சரி, கம்பிக்கு வருவோம்.

கம்பியின் பருமனை ‘கேஜ்’ என்பார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்பது கணக்கு. ‘பதினொன்று’ என்றால் 0.011 அங்குலம், அதாவது 0.28 மில்லிமீட்டர். நாலு தலைமுடியைச் சேர்த்துவைத்த அளவு. (தலைமுடி மிச்சம் இருக்கிறவர்கள் சோதித்துப் பார்க்கலாம்.)

நாஷ்வில்லில் வழக்கமான சுருதி அமைப்புக்கு ‘ஈ-நைன்த்’ என்று பெயர். அதற்கு முதல் கம்பியிலிருந்து பத்தாவது வரை சாதாரணமாகப் போடுகிற கேஜ்: 13, 15, 11, 14, 17, 20, 26, 30, 34, 38. பஸ் ரூட் நம்பர் மாதிரி இருக்கிறதா? கவனியுங்கள். வரிசைப்படி முதல் கம்பிதானே மெல்லிசாக இருக்கவேண்டும்? இல்லை, மூன்றாவதுதான் மெல்லிசு. 1960-களின் தொடக்கத்தில் பட்டி எமன்ஸ் என்ற மேதை இரண்டு கம்பிகளைப் புதிதாகச் சேர்த்தார். அவை கியூவின் முன்னால் வந்து நின்றுகொண்டன. ரேஷன் கடையாக இருந்தால் சண்டை வந்திருக்கும்.

இங்கே வில்லன், அல்லது பாவப்பட்ட ஹீரோ, அந்த மூன்றாம் நம்பர் கம்பிதான். அதன் சுரம் ‘ஜி ஷார்ப்’. பத்தில் இதற்குத்தான் உச்ச சுருதி. இது போதாது என்று, நடுப் பெடலை மிதிக்கும்போதெல்லாம் இன்னும் அரைச் சுரம் ஏறி ‘ஏ’ ஆகவேண்டும். ஒரு பாட்டில் எத்தனையோ தடவை மிதிக்கிறார்கள். அறுகிற கம்பி என்றால் பெரும்பாலும் இதுதான். நாஷ்வில் ஸ்டூடியோவில் ரெக்கார்டிங் என்பது மூன்று மணி நேரக் கணக்கு. எல்லாரும் தயாராக உட்கார்ந்திருக்க, நடுப்பாட்டில் ‘டிங்’ என்று அறுந்தால், அத்தனை பேர் முகமும் ஒரே திசையில் திரும்பும். இன்னொரு கஷ்டமும் உண்டு. ஒரு கம்பியின் இழுப்பு போனதும் வாத்தியத்தின் உடம்பு கொஞ்சம் தளர்ந்துகொடுக்க, மிச்சம் ஒன்பது கம்பிகளின் சுருதியும் லேசாக விலகிவிடும்.

‘‘இவ்வளவுதானே சார்? பதினொன்று அறுகிறது என்றால் பன்னிரண்டு போட்டுட்டா போச்சு. தடிசா இருந்தா தாங்கும்!’’

இப்படி உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் தனி ஆள் இல்லை. தடிக் கயிறு அதிகம் தாங்கும் என்பது கிணற்றில் தண்ணீர் இறைத்த காலத்து ஞானம். ஆனால் இங்கே அந்த ஞானம் செல்லாது. ஏன் என்று பார்க்க பௌதிகம் வேண்டாம், சம்பள பில் போதும்.

24¼ அங்குல நீளம் உள்ள வாத்தியத்தில் பதினொன்றை ‘ஜி ஷார்ப்’ சுரத்துக்கு முறுக்கினால் கம்பியில் சுமார் 13 கிலோ இழுப்பு. அதே சுரத்துக்குப் பன்னிரண்டை முறுக்கினால் சுமார் 15 கிலோ. தடித்த கம்பிக்கு எடை அதிகம். அதே வேகத்தில் அதிரவைக்க அதிகமாக இழுத்தாகவேண்டும். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு என்பது பார்வைக்கு 9 சதவிகித ஏற்றம்தான். ஆனால் எடை பருமனின் வர்க்கத்தில் ஏறும். 121-க்கு 144, அதாவது 19 சதவிகிதம். தாங்கும் சக்தி 19 சதவிகிதம் கூடியது நிஜம். சுமையும் அதே 19 சதவிகிதம் கூடிவிட்டது. இன்கிரிமெண்ட் வந்த அன்றே வீட்டுக்காரர் அதே விகிதத்தில் வாடகையை ஏற்றினால் மாசக் கடைசியில் என்ன மிஞ்சும்? முன்னே என்ன மிஞ்சியதோ அதுதான்.

உருக்கு ஒன்று, நீளம் ஒன்று, சுரம் ஒன்று என்றால், கம்பியின் சதுர மில்லிமீட்டருக்கு விழுகிற பாரமும் ஒன்றே. மூன்றாம் கம்பியில் அது 200 கிலோவுக்கு மேல். பெடலை மிதித்தால் இன்னும் ஏறி, உருக்கு அறுகிற எல்லைக்கே பக்கத்தில் போய் நிற்கும். பருமனை மாற்றி இதிலிருந்து தப்பிக்க வழியில்லை. சுரத்தை இறக்கலாம், அல்லது நீளத்தைக் குறைக்கலாம். 25 அங்குல வாத்தியத்தைவிட 24 அங்குல வாத்தியத்தில் மூன்றாம் கம்பிக்கு சுமார் 8 சதவிகிதம் பாரம் குறைவு. மற்றபடி ‘தடிச்சா தாங்கும்’ என்பது கம்பி கட்டுகிற கதை.

அப்படியானால் கம்பி எதனால்தான் அறுகிறது? ஒரு ஜெம் கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். (ஆபீஸ் கிளிப்பாகவே இருக்கட்டும்.) நிமிர்த்துங்கள், மடக்குங்கள், மறுபடி நிமிர்த்துங்கள். கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஒடியும். கம்பியின் வலது கோடியில் ‘சேஞ்சர்’ என்று ஒரு சாதனம் உண்டு. பெடலை மிதித்தால் அதில் ஒரு உலோக விரல் திரும்பிக் கம்பியை இழுக்கும். அந்த விரலின் வளைவில் கம்பி ஒவ்வொரு மிதிக்கும் மடங்கி நிமிர்கிறது. பெரும்பாலும் அறுவது அந்த இடத்தில்தான். விரலின் மேல்பக்கம் கம்பி பதிந்து பள்ளமாகிப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். அதை வழவழவென்று வைத்துக்கொள்வதும், அறுவதற்கு முன்பே கம்பியை மாற்றிவிடுவதும்தான் வைத்தியம்.

பருமனை ஏற்றினால் அறுபடுவதில் லாபம் இல்லை. செலவு மட்டும் உண்டு. பெடல் கனக்கும். மிதிக்கும்போது உடம்பு அதிகம் வளைந்து, மிதிக்காத கம்பிகளின் சுருதி இன்னும் கொஞ்சம் இறங்கும்.

பின்னே எதை வைத்துத்தான் கேஜைத் தேர்ந்தெடுப்பது? விரலுக்கு எல்லாக் கம்பியும் ஏறத்தாழ ஒரே விறைப்பாகப் படுகிறதா என்று பார்த்து. முதல் நாலு கம்பிகளின் இழுப்பைக் கணக்குப் போட்டால் எல்லாம் 13, 14 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். உயர்ந்த சுரத்துக்கு மெல்லிசு, தாழ்ந்த சுரத்துக்குத் தடிசு. இப்படிப் பிரித்ததால்தான் சுமை சமமாக இருக்கிறது. மூன்றாம் கம்பி துவண்டுபோன மாதிரி விரலுக்குப் பட்டால் 11½ கூடக் கிடைக்கிறது. தாராளமாகப் போடலாம். விரலுக்காகப் போடுங்கள், பயத்துக்காக வேண்டாம்.

அடுத்த பஞ்சாயத்து ஆறாம் கம்பி. இதில் இரண்டு கட்சி. வெறும் கம்பியாக 20 போடுகிறவர்கள் ஒன்று, மேலே மெல்லிய கம்பி சுற்றிய 22 போடுகிறவர்கள் இன்னொன்று. சுற்றுக் கம்பியில் இழுபடுவது உள்ளே இருக்கிற ஒற்றைக் கம்பி மட்டும்தான். மேலே சுற்றிக்கொண்டிருப்பது எல்லாம் வெறும் எடை. (எந்த ஆபீஸ் என்று நான் சொல்லத் தேவையில்லை.) ஏற்கெனவே விறைத்து நிற்கிற அந்த உள்கம்பியின் சுரத்தை மாற்ற அதிக தூரம் இழுக்கவோ தளர்த்தவோ வேண்டும். ஆறாம் கம்பியை முழங்கால் லீவரால் முழுச் சுரம் இறக்குகிற வழக்கம் உண்டு. சில பழைய வாத்தியங்களில் அத்தனை தூரம் போக லீவருக்கு இடம் இருக்காது. அவற்றுக்கு வெறும் 20-தான் சமத்து. இடம் இருந்து, சுற்றுக் கம்பியின் நாதம்தான் பிடிக்கிறது என்றால் 22 போடலாம். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால் பெடலையும் லீவரையும் திரும்ப சுருதி பார்த்துச் சரிசெய்யவேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

ஆகக்கூடி, கம்பி வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ‘எது உறுதி’ என்பது அல்ல. ‘இந்த இடத்தில், இந்தச் சுரத்துக்கு, எது பொருத்தம்’ என்பதுதான். (பெண் பார்க்கப் போகிறவர்கள் இந்த வரியைக் கிழித்து வைத்துக்கொள்ள வேண்டாம். இது கம்பிக்கு மட்டும்.)

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு செட்டில் பத்துக் கம்பிக்குப் பத்துதான் இருக்கும். ஆனால் மூன்றாம் நம்பர் மற்ற ஒன்பதைவிட வேகமாகத் தீரும். அதனால் விவரமானவர்கள் பதினொன்றை மட்டும் தனியாக உதிரியில் வாங்கிப் பெட்டியில் போட்டுவைப்பார்கள். அது இல்லாமல் மேடை ஏறி, நடுப்பாட்டில் ‘டிங்’ என்றால்?

வாசிக்கிறவர்தான் கம்பி நீட்டவேண்டும்!