பேரில்தான் வேலை இருக்கு!

பட்டம் கொடுப்பது யார்?

"வாத்தியார்தானே!" என்பார்கள். இல்லை. வாத்தியார் பாடம் நடத்துகிறார். பட்டம் கொடுப்பது ஆபீஸ்!

விருதுநகர், சிவகாசி பக்கத்துக் கலைக்கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-ம் ஆண்டு தொடங்கியது. இன்று அது தன்னாட்சிக் கல்லூரி. கேள்வித்தாள் தயாரிப்பதும் அதுவே, திருத்துவதும் அதுவே. ஆனாலும் பட்டத்தில் விழுவது பல்கலைக்கழக முத்திரை.

மதுரைக்கு மேற்கே தேனி ரோட்டில் இருக்கிறது பல்கலை நகர். எந்தக் கல்லூரியில் என்ன வகுப்பு, பாடத்துக்கு என்ன பெயர் என்ற காகிதமெல்லாம் அங்கே போய்த்தான் திரும்பணும். பாடத்திட்டக் குழு எழுதும். கல்விக்குழு 'சரி' சொல்லும். தேர்வு ஆபீஸ் சர்டிபிகேட் அடிக்கும். இந்த மேஜைகளைப் பெற்றோர் யாரும் பார்த்ததில்லை.

"பேரில் என்ன இருக்கு?" என்று கேட்கலாம். பேரில்தான் வேலை இருக்கு!

சாதா 'கெமிஸ்ட்ரி' என்றால் கூட்டம் சேராது என்று 'அப்ளைடு', 'இண்டஸ்ட்ரியல்' என்று முன்னால் ஒரு ஒட்டு ஒட்டிப் பாடம் தொடங்குவது எங்கும் உள்ள பழக்கம். சேரும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். மூணு வருஷம் கழித்து அரசு வேலைக்கு மனுப் போடும்போது இடிக்கும்.

ஒட்டுப் போட்ட பட்டம் சாதாப் பட்டத்துக்குச் சமம் என்று அரசாணை உண்டா என்று கேட்கும் தேர்வாணையம். அந்த ஆணையும் வேலை அறிவிப்பு வந்த தேதிக்குள் வந்திருக்க வேண்டும். மறுநாள் வந்தால் செல்லாது! 'சமம் இல்லை' என்றே ஆணை வந்த பட்டங்களும் உண்டு.

தப்பு யார்மேல்? தீப்பெட்டி ஒட்டிய காசில் படித்த பெண்மேலா? பெயருக்கு 'சரி' சொன்ன அன்றே, "இது எதற்குச் சமம்?" என்று அரசிடம் எழுதி வாங்காத ஆபீஸ்மேல்தான். எந்தப் பல்கலைக்கழகம் ஆனாலும் இதுதான் நியாயம்.

அடுத்தது, தாமதம்.

தகுதி பெற்ற 180 நாளுக்குள் பட்டம் கொடுக்க வேண்டும். இது பல்கலைக்கழக மானியக் குழு 2008-ம் ஆண்டு போட்ட விதி. நடப்பு என்ன? பட்டமளிப்பு விழா நடக்காமல் தமிழ்நாட்டில் 9 லட்சம் பேருக்கு மேல் பட்டத்துக்குக் காத்திருப்பதாக 2023 ஜூனில் அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி சொன்னார். பழி யார்மேல் என்று மேலே சண்டை நடந்தது. கீழே வீட்டில், "பாஸுன்னு சொன்னியேத்தா, பேப்பரு எங்கே?" என்று தாய் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குமாஸ்தாவை மட்டும் திட்டிப் பயனில்லை. 2024-ல் காமராசர் பல்கலைக்கழக ஊழியர்களே மாதச் சம்பளம் வரவில்லை என்று போராடினார்கள். சம்பளம் வராத கை எத்தனை வேகமாய்க் கையெழுத்துப் போடும்?

"எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே!" என்பார்கள். மனு ஆன்லைனில் பறக்கும். மேஜையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பட்டாசு ஆலையில் ஒவ்வோர் அறை வாசலிலும் எழுதியிருக்கும், இத்தனை ஆள், இத்தனை கிலோ மருந்து என்று. அதற்குமேல் ஓர் ஆள் இருந்தாலும் குற்றம். உயிர் விஷயம், சரி. பிழைப்பும் உயிர் விஷயந்தானே? புரவிஷனல் இத்தனை நாள், பெயர்த் திருத்தம் இத்தனை நாள், சமச் சான்றுக் கடிதம் இத்தனை நாள் என்று பல்கலைக்கழக மேஜையிலும் ஒரு போர்டு வைக்கட்டும். நாள் தாண்டினால் ஏன் என்று மனு போட்டவருக்கு எழுத்தில் பதில் வரட்டும்.

1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் என்று பிறந்தது அது. 1978-ல் காமராசர் பெயர் வந்தது. விருதுநகரில் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பிறகு ஊர் ஊராகப் பள்ளி திறந்தவர் அவர். அவர் ஊர்ப் பிள்ளை ஒரு கையெழுத்துக்காக ரெண்டு பஸ் மாறி மதுரைக்கு அலைவது நன்றாகவா இருக்கு?

விருதுநகரில் மாதம் ஒரு நாள் பல்கலைக்கழகக் கவுண்டர் திறக்கலாமே! ஒரு மேஜை, ரெண்டு குமாஸ்தா, ஒரு சீல். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் வாரத்தில் முதல் நாளை வைத்தால், கூலி போகாமல் தாய் தகப்பனும் கூட வர முடியும்.