குழந்தையின் இளைப்புக்குத் தாய் குற்றவாளியா?

இரவெல்லாம் குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது. நெஞ்சில் விசிலடிப்பது போல் சத்தம். பொழுது விடிந்ததும் வீட்டில் பேச்சு கிளம்புகிறது: "உன் அம்மாவுக்கு இளைப்பு, உனக்கு இளைப்பு, இப்போது பிள்ளைக்கும் வந்துவிட்டது. பரம்பரை வியாதிக்கு யார் என்ன செய்ய முடியும்?" பழி முழுவதும் மருமகள் தலையில்!

தோழர்களே, இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு?

ஆஸ்துமாவில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. அதை மறுப்பதற்கில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. அது தாயாகவும் இருக்கலாம், தந்தையாகவும் இருக்கலாம். 17-வது குரோமோசோமின் ஒரு பகுதியிலுள்ள மரபணு மாறுதல்களுக்கும் சிறுவயது ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருப்பதை விஞ்ஞானிகள் 2007-ல் கண்டார்கள். இது போல வேறு பல மரபணுக்களும் உண்டு. ஒவ்வொன்றும் செய்வது கொஞ்சம்தான். நோயே இல்லாத கோடிக்கணக்கான மக்களிடமும் இதே மாறுதல்கள் இருக்கின்றன. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரிலும் ஒருவருக்கு இளைப்பு வந்து, மற்றவர் சுகமாக இருப்பதுண்டு.

அப்படியானால் மரபணு என்பது விதை மட்டுமே. மண்ணும் ஈரமும் இல்லாமல் எந்த விதை முளைக்கும்?

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாய சமூகங்கள் இருக்கின்றன. இருவரின் முன்னோரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். மரபணு அமைப்பில் நெருங்கியவர்கள். ஆனால் 2016-ல் வெளியான ஆய்வின்படி, ஆமிஷ் பிள்ளைகளில் 100-க்கு சுமார் 5 பேருக்கு ஆஸ்துமா. ஹட்டரைட் பிள்ளைகளில் சுமார் 21 பேருக்கு! காரணம் என்ன? ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுகிறார்கள். வீட்டை ஒட்டியே மாட்டுக் கொட்டில். குழந்தைகள் அங்கேயே விளையாடுகிறார்கள். ஹட்டரைட் மக்களுடையது பெரிய யந்திரப் பண்ணை; குழந்தைகளுக்குக் கொட்டிலோடு அந்த உறவு இல்லை. கொட்டில் தூசியிலுள்ள நுண்கிருமிகள் குழந்தையின் உடலுக்குச் சிறுவயதிலேயே பயிற்சி தருகின்றன என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இதைக் கேட்டு எல்லாத் தூசியும் மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. பஞ்சுத் தூசியும் அடுப்புப் புகையும் நுரையீரலுக்குப் பகை. 2008-ல் பிரான்சில் நடந்த ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது: அந்த 17-வது குரோமோசோம் மாறுதல் உள்ள குழந்தை, பிறந்த சில ஆண்டுகளில் புகையிலைப் புகையைச் சுவாசித்தால் ஆபத்து மேலும் கூடுகிறது. மரபணுவை நாம் மாற்ற முடியாது. புகையை நிறுத்த முடியும் அல்லவா? பீடியை வீட்டுக்குள் பற்ற வைக்காதீர்கள். கர்ப்பிணியின் அருகிலும் வேண்டாம்.

மருந்து விஷயத்திலும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. "இன்ஹேலர் பழகிவிடும், விட முடியாது" என்கிறார்கள். இது தவறு. அது கள்ளோ கஞ்சாவோ அல்ல. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும். டாக்டர் சொன்னபடி தினமும் கொடுத்தால் குழந்தை ஓடும், விளையாடும், பள்ளிக்கூடம் போகும். விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"பரம்பரை" என்ற சொல் சிலருக்கு வசதியான சாக்கு. பழியைத் தாயின் ரத்தத்தின் மேல் போட்டுவிட்டால், ஜன்னல் இல்லாத ஆலை லயனைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். புகை போக வழியில்லாத குடிசையைப் பற்றியும் கேட்க மாட்டார்கள். இளைப்புக்கான புடெசோனைடும் சால்பூட்டமாலும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கின்றன. அத்தியாவசியம் என்றால் ஏழையின் குழந்தைக்கும் அத்தியாவசியம்தானே! ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இன்ஹேலரும், சிறு குழந்தைக்கு அதைப் பொருத்தும் ஸ்பேசர் குழாயும் எந்நாளும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். காற்றோட்டமுள்ள வீடு வேண்டும். புகையில்லா அடுப்பு வேண்டும். சங்கக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளை எழுப்புங்கள்.

தாயைப் பழிப்பதை இன்றே நிறுத்துவோம். குழந்தையின் மூச்சுக்கு ஊரே பொறுப்பு, சர்க்காரும் பொறுப்பு!