“ஜலதோஷம்தானே!” என்று இருந்துவிடலாமா?

“கொரோனாவா? அது எப்போதோ போய்விட்டது. இப்போது வருவதெல்லாம் வெறும் ஜலதோஷம்தான்.” மில் வாசலிலும் களத்து மேட்டிலும் இப்படிப் பேசக் கேட்கிறோம். இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியையும் தொழிலாளித் தோழர்களும் விவசாயத் தொழிலாளர்களும் தெரிந்துகொள்வது அவசியம்.

2019 இறுதியில் சீனாவின் வூஹான் நகரில் கண்டறியப்பட்ட கிருமி இன்று அதே உருவில் இல்லை. உடலுக்கு உடல் தாவிப் பெருகும்போது அதன் அமைப்பில் சிறு சிறு மாறுதல்கள் ஏற்படுகின்றன. வேகமாகப் பரவ உதவும் மாறுதல் எதுவோ, அது நிலைத்து மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. டெல்டா, ஒமிக்ரான் என்று பெயரிடப்பட்டவை இப்படி வந்தவையே.

டெல்டா 2020 இறுதியில் நம் நாட்டில்தான் முதலில் தென்பட்டது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆஸ்பத்திரிப் படுக்கையும் பிராணவாயுவும் கிடைக்காமல் ஜனங்கள் மடிந்ததை மறக்க முடியுமா? அதே மே மாதத்தில் அது சீனாவின் குவாங்சோ நகருக்குள் புகுந்தது. நோயாளியுடன் பழகியவர்களை அங்கே உடனே தனிமைப்படுத்தி, நாள்தோறும் சோதித்தார்கள். 2020-ல் வந்த பழைய கிருமி, தொற்றியவருடன் பழகி சுமார் 6 நாட்கள் கழித்தே சோதனையில் தெரிந்தது. டெல்டாவோ 4 நாட்களில் தெரிந்துவிட்டது. முதல் சோதனையிலேயே கிருமிச் சுமை பழையதைப்போல் ஏறக்குறைய 1,000 மடங்கு இருந்தது!

இதை எப்படிக் கணக்கிட்டார்கள்? பி.சி.ஆர். சோதனையில் கிருமியின் மரபுப் பொருளைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குகிறார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 10 சுற்றில் 1,024 ஆகிவிடும். வட்டிக்கு வட்டி கட்டி நொந்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே விளங்கும். பழைய கிருமி தெரிவதற்குச் சுமார் 34 சுற்றுக்கள் தேவைப்பட்டன; டெல்டாவுக்கு 24 போதுமாக இருந்தது. அந்தப் பத்துச் சுற்று வித்தியாசம்தான் ஆயிரம் மடங்கு.

அப்படியானால், டெல்டாவையும் மிஞ்சிப் பரவிய ஒமிக்ரானில் கிருமிச் சுமை இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை! 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் கண்டறியப்பட்ட இக்கிருமியின் உச்ச அளவு, பல ஆய்வுகளில் டெல்டாவைவிடக் குறைவாகவே இருந்தது. பின் எப்படிப் பரவியது? அதன் மேலுள்ள முட்களில் 30-க்கும் மேற்பட்ட மாறுதல்கள். தடுப்பூசியாலும், முன்பு வந்த நோயாலும் உடல் பெற்றிருந்த காவலை ஏமாற்றி உள்ளே நுழைந்துவிட்டது. எண்ணிக்கை மட்டுமல்ல, தன்மையும் சேர்ந்துதான் எதையும் தீர்மானிக்கிறது.

நோயின் குறிகளும் மாறின. பிரிட்டனில் தடுப்பூசி போட்டவர்களிடையே கணக்கெடுத்தபோது, டெல்டா தொற்றியவர்களில் 100-க்கு 53 பேர் வாசனை தெரியவில்லை என்றார்கள். ஒமிக்ரானில் 17 பேர்தான். தொண்டை வலியோ 61-லிருந்து 70 ஆக ஏறியது. ஹாங்காங் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் சோதனைக்கூடத்தில் பார்த்தபோது, ஒமிக்ரான் மூச்சுக்குழாய்த் திசுவில் ஒரே நாளில் டெல்டாவைப்போல் சுமார் 70 மடங்கு பெருகியது. நுரையீரல் திசுவில் பழைய கிருமியைவிட மிக மெதுவாகவே பெருகியது. “ஜலதோஷம்தானே” என்ற பேச்சிலுள்ள பாதி உண்மை இதுதான்.

மீதிப் பாதியையும் அதே ஹாங்காங்தான் உலகுக்குக் காட்டியது. 2022 தொடக்கத்தில் இதே ஒமிக்ரான் அந்நகரில் 9,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியவர்கள். தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ளாதவர்களே அவர்களில் அதிகம். ஆகவே, நோய் லேசானதா, கடுமையானதா என்பதைக் கிருமி மட்டும் முடிவு செய்வதில்லை. அது யாருடைய உடலில் நுழைகிறது, அந்த உடலுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதும் முடிவு செய்கிறது.

2023 மே 5-ம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம், அவசர நிலை முடிந்தது என்றுதான் அறிவித்தது. கிருமி ஒழிந்தது என்று அறிவிக்கவில்லை. அதன் பிறகும் பரவி வந்திருப்பவை ஒமிக்ரானின் வாரிசுகளே.

வாசனை தெரிகிறது, எனவே கொரோனா இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். குறி தென்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே கிருமி பிறருக்குப் பரவக்கூடும். தொண்டை வலியும் காய்ச்சலும் கண்டால் முகக்கவசம் அணியுங்கள்; வீட்டிலுள்ள முதியவர்களிடமிருந்தும் நீரிழிவு உள்ளவர்களிடமிருந்தும் விலகியிருங்கள்; மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

“ஓய்வெடு” என்று சொல்வது சுலபம். அன்றாடக் கூலிக்கு யார் பொறுப்பு? இ.எஸ்.ஐ.யில் உரிய சந்தா செலுத்திய மில் தொழிலாளிக்கு டாக்டர் சர்டிபிகேட்டின் பேரில் கூலியில் 100-க்கு 70 வீதம் கிடைக்கும். அதைக் கேட்டுப் பெறுங்கள்! நாற்று நடும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. காய்ச்சலோடு அவள் வயலில் இறங்குவது அறியாமையால் அல்ல. அடுப்பு எரிய வேண்டுமே என்பதால்தான். நோய்க்கால உதவி அவளுக்கும் கிடைக்கச் செய்யாமல், “விலகியிருங்கள்” என்று மட்டும் உபதேசிப்பது பயன் தராது.