நல்ல தாளக்கருவி எது?



ஜேர்மனியில் வளரும் எமது இளையோர் புதிதாக வாங்கிய தாளக்கருவிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நேரம் போவதே தெரிவதில்லை. றோலண்ட் ஒக்டபாட் போதுமா, முழு மின்னியல் ட்ரம்ஸ் வேண்டுமா, 1875 இல் இந்நாட்டில் தொடங்கப்பட்ட சோனர் நிறுவனத்தின் மர ட்ரம்ஸே மேலானதா என்று திருப்பலி முடிந்த பின்னும் வாதம் தொடர்கிறது. கேட்க மகிழ்ச்சியே. ஆயினும் விலை, ஒலி, நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றோடு அந்த வாதம் நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து.

ஆலயத்தினுள் தாளக்கருவி நுழைந்த வரலாறு நீண்டதன்று. 1903 இல் திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர், பியானோவையும் முரசு போன்ற இரைச்சல் மிக்க கருவிகளையும் ஆலயத்தில் தடை செய்தார். 60 ஆண்டுகள் கழித்து, 1963 டிசெம்பர் 4 ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு வேறொரு வழியைத் திறந்தது. குழாய் ஓர்கனுக்குச் சிறப்பிடம் அளித்த அதே ஏடு, ஒவ்வொரு மக்களினத்தின் இசை மரபையும் மதிக்கச் சொன்னது. இறைவழிபாட்டுக்குப் பொருந்துவதாகவும், ஆலயத்தின் மாண்புக்கு இசைவதாகவும், இறைமக்களின் ஞான நன்மைக்கு உதவுவதாகவும் இருந்தால் பிற கருவிகளையும் ஏற்கலாம் என்றது.

இதை எளிய மொழியில் சொல்வதானால், எல்லோரையும் உள்ளே அழைக்கும் கருவியே நல்ல கருவி. இந்த அளவுகோலை முதலில் ஒலிக்குப் பொருத்திப் பாருங்கள். நாம் பெரும்பாலும் ஜேர்மன் பங்குகளின் உயர்ந்த கற்கோவில்களிலேயே ஒன்றுகூடுகிறோம். அங்கே ஓர் அடியின் எதிரொலி அடங்குமுன் அடுத்த அடி விழுந்துவிடுகிறது. பாடலின் சொற்கள் அதனுள் மூழ்கிப் போக, முதியவர்கள் பாடுவதை நிறுத்திவிடுகிறார்கள். மின்னியல் கருவியின் பெரும் நன்மை அதன் ஒலியைக் குறைக்க முடிவதே. சபை பாடுவது வாசிப்பவரின் காதில் விழவேண்டும். விழாவிட்டால், எத்தனை ஆயிரம் யூரோ கொடுத்து வாங்கிய கருவியானாலும் அது தன் பணியைச் செய்யவில்லை.

அடுத்து, அதைச் செய்த கைகளை எண்ணிப் பாருங்கள். எம் பிள்ளைகள் பலர் இங்கே மிருதங்கம் பயின்று அரங்கேற்றமும் செய்கிறார்கள். பலாமரக் கட்டையில் பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்களை இழுத்துக் கட்டி உருவாக்கப்படுவது அது. குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அறையின் வறண்ட காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறுவதால், செயற்கைத் தோல் பூட்டிய மிருதங்கத்தைச் சிலர் நாடுகிறார்கள். அதில் நான் குறை காணேன். ஆனால் அந்தத் தோலைத் தெரிந்தெடுத்து, வெட்டி, நாதம் பிறக்கும்வரை உழைத்தவர்களை அறிவோமா? டி. எம். கிருஷ்ணா 2020 இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூல், மிருதங்கம் செய்வோரின் வரலாற்றைச் சொல்கிறது. அவர்களுள் முதன்மையானவர்கள் தஞ்சாவூரின் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தார். பாலக்காடு மணி ஐயரின் பெயரை இசையுலகம் முழுவதும் அறியும். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தை எத்தனை பேர் அறிவர்? நாதம் மேடையேறியது, அதை உருவாக்கிய கை தீட்டென்று ஒதுக்கப்பட்டது.

அதே தீட்டுத்தான் பறையையும் வாசலில் நிறுத்துகிறது. புதிய ஒக்டபாட் வாங்கும்போது எவரும் தயங்குவதில்லை. பறையை ஆலயத்தினுள் கொண்டுவரலாமா என்று கேட்டால் மட்டும், “அது சாவீட்டுக்குரியது” என்கிறோம். சாவு நமக்குத் தீட்டா? நாம் இறந்தவரின் உடலை ஆலயத்தினுள் கொண்டுவந்து, பாஸ்காத் திரியின் அருகில் வைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். உடலை வரவேற்கும் பீடம், அதற்காக முழங்கிய கருவியை மறுக்குமா? மறுப்பது பீடமன்று, கப்பலிலும் விமானத்திலும் நம்மோடு ஏறிவந்த சாதியே மறுக்கிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பறையடித்தல் சாதிக் கடமையாகத் திணிக்கப்பட்டதால், மானம் கருதி அதைக் கைவிட்டவர்களும் உண்டு. அவர்களின் முடிவு மதிப்புக்குரியது. ஆகவே குறித்த சிலரை மட்டும் அழைத்து அடிக்கச் சொல்வது பழைய கொடுமையின் தொடர்ச்சியே ஆகும். எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, அதைப் பயிலட்டும். இங்கே தீ மூட்டித் தோலைக் காய்ச்ச வசதி இல்லையென்றால் செயற்கைத் தோல் பூட்டிய பறையைப் பயன்படுத்தலாம். ஓகஸ்ட் மாதத்தில் கெவலார் அன்னையிடம் சமய வேறுபாடின்றித் தமிழர் திரளும்போது, அந்தப் பவனியில் பறை முழங்குவதை நான் கேட்க விரும்புகிறேன்.

பெற்றோரே, அடுத்த கருவியை வாங்குமுன் உங்கள் பிள்ளையோடு மூன்று கேள்விகளைப் பேசுங்கள். இதை யார் செய்தார்கள்? இதன் ஒலியில் பாட்டி பாட முடியுமா? இதைத் தொட எவருக்கேனும் உரிமை மறுக்கப்பட்டதா? இவற்றுக்கு நேர்மையாக விடை சொல்லும் பிள்ளையின் கையில் எந்தக் கருவியும் இறைபுகழ் பாடும்.

இறையாசீருடன்,
உங்கள் பணியாளன்